சில்லுன்னு இருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாவரும் நலம் என்று வழக்கம்போல் எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், மைக்கறையைப் பொருட்படுத்தாதே. நீ அனுப்பிய வைட்டமின் சி மருந்துப் புட்டி உடையாமல் வந்து சேர்ந்ததென்று முன்பே எழுதியிருந்தேன். முகத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டபோது உனக்கு வந்த எரிச்சலை அது தணித்ததென்றும், கதிர்வீச்சில் சிவந்துபோன அம்மாவின் கழுத்துக்குப் பூசும்படியும் எழுதியிருந்தாய். உள்ளே இருந்த தாளை நான்கு முறை படித்தேன், முதலில் என் முழங்கை மடிப்பில் மூன்று நாள் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை, பிறகுதான் அம்மாவுக்குக் காலை மூன்று சொட்டு, மாலை மூன்று சொட்டு என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு பூசினேன். எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் “சில்லுன்னு இருக்குங்க, பொண்ணு கையே பட்ட மாதிரி” என்றாள். ஒன்பது நாள் அப்படியே சொன்னாள். பத்தாம் நாள் மருத்துவமனையில் நர்ஸம்மா கழுத்தைப் பார்த்துவிட்டு, “யாரு சார் இதைப் பூசச் சொன்னது? வெந்த தோல்ல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்ச மாதிரில்ல எரியும்! எங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்டார். கேட்கத்தான் நினைத்தேன், அவர்கள் வேலையாக இருந்தார்கள், தயங்கி வந்துவிட்டேன். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், அது அமிலம் என்று தெரிந்தவன், நல்ல தோலில் சோதித்துவிட்டுப் புண்ணில் பூசியிருக்கிறேன். உன்மேல் தவறில்லை, கேட்காதது நான்தான். ஏன் சொல்லவில்லை என்றதற்கு அம்மா, “எரியுதுன்னா நீங்க உடனே உக்காந்து நாலு பக்கம் எழுதிடுவீங்க, அவ அங்க அழுதுக்கிட்டு இருப்பா” என்று சிரித்தாள். மருந்தை நிறுத்திய பின் சிவப்பு குறைந்திருக்கிறது. புட்டியை மட்டும் எறிய விடவில்லை, தலையணை ஓரத்தில் வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே பெரிய டாக்டர் கதிர்வீச்சையும் நிறுத்திவிட்டார். குணமாகிவிட்டது என்பதால் அல்ல, இனிப் பயனில்லை என்பதால். அதற்குப் பிறகு உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் அம்மா நலம் என்றே எழுதினேன். அவள் சில்லென்று இருக்கிறது என்றாளே, அதுபோலத்தான். எரிகிறதம்மா. உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். தள்ளிப்போடாமல் வா.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, அம்மா கேட்டால் லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல். நான் எழுதியது தெரிய வேண்டாம். நாலு பக்கம்கூட இல்லை, ஒன்றரைப் பக்கம்தான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா