நீர் தேங்காத பாத்தி

ஜூலை 9, புதன்

எங்கள் செம்பூர் குடியிருப்பு சொசைட்டியின் பின்புறப் பாத்தியில், கார் நிறுத்துவதற்காக நாளை கான்கிரீட் போடுகிறோம். மண் இறுகட்டும் என்று தாராவி மேஸ்திரி ஆறு வாளி தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுகூட மேலே நிற்கவில்லை. கம்பியை ஊன்றினார், ஒரு முழம் தானாக உள்ளே போனது.

"அண்ணாச்சி, அடியில கெணறு ஏதும் கெடக்கா?" என்று பின்வாங்கினார்.

பக்கத்து வீட்டு மாமி ஜன்னலிலிருந்து சொன்னார்: "கிணறெல்லாம் இல்லை. எங்காத்துக்காரர் போற வரைக்கும் பன்னெண்டு வருஷம் அதுல மண்வெட்டியே படவிடலை. உள்ள பூரா மண்புழு போட்ட வழி."

மேஸ்திரி கம்பியை உருவாமலே கிளம்பிவிட்டார்.

இப்போது கொட்டுகிற மழையில் வளாகமெங்கும் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தப் பாத்தி மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது. சத்தம் என் அறை வரை கேட்கிறது. சொசைட்டிச் செயலாளராக, கான்கிரீட்டால் அதன் வாயை மூடக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.