உயிருள்ளோர் ஏடு

இயேசு மரி சூசை துணை

மந்தாரக்குப்பம்
நவம்பர் பத்தாம் தேதி

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாகவே இருக்கிறேன், நீ அங்கே ஜெர்மனியில் சுகமாகவும் உயிரோடும் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உயிரோடு என்று ஏன் தனியாகச் சேர்த்தேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கிருஷ்ணப்ரியா இதற்குள் அழுதுகொண்டே உனக்குப் போன் செய்திருப்பாள், அவள் சொன்னதை அப்படியே நம்பாதே, நடந்தது நடந்தபடி தெரிந்தவன் நான் ஒருவன்தான். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. துணி காய்வதில்லை, காய்ந்தால் அதன்மேல் சுரங்கத் தூசி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலையில் இருந்து கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோதும் இதே தூசிதான், அப்போது அது சம்பளம் கொடுத்த தூசி, இப்போது வாடகை வீட்டில் அதைத் துடைக்க அலுப்பாக இருக்கிறது. முழங்காலுக்கு டாக்டரிடம் போனேன், மாடிப்படி ஏறாதீர்கள் என்றார், ஏறாமல் என் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன், அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. கீழ் வீட்டில் இருக்கும் பாப்பாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்த குறிஞ்சிப்பாடிப் பெண், புருஷன் கான்ட்ராக்டில் சுரங்கத்துக்குப் போகிறான். அவள்தான் காலையில் எனக்கும் சேர்த்துப் பால் வாங்கி வைக்கிறாள். நான் கேட்டதில்லை, அவளாகத்தான் செய்கிறாள்.

போன மாதம் நீ அனுப்பிய கட்டுரையைக் கடையில் பிரிண்ட் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன், இங்கிலீஷ் கற்றது பெல்ட் கன்வேயரோடு கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்திலிருந்து, அதனால் நீ எழுதியதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் சிரியா பக்கத்துக் கோயில்களில் பூசையின் நடுவில் இரண்டு ஏடுகளைப் பிரித்துப் பெயர் வாசிப்பார்கள், ஒன்றில் இறந்தவர்கள், இன்னொன்றில் உயிரோடு இருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறாய். ஓர் ஆயரின் பெயரை இனிமேல் வாசிக்கக்கூடாது என்று மேலிடம் சொன்னதையும், வாசித்தால்தான் வீட்டுக்குப் போவோம் என்று சனங்கள் கோயிலுக்குள்ளேயே நின்றதையும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மறுபடி படித்தேன், பர்மனென்ட் ஆக்கச் சொல்லி நாங்கள் சுரங்க வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. ஆனால் முடிவில் என்ன எழுதினாய். பெயரைச் சேர்ப்பதும் அடிப்பதும் அதிகாரத்தைக் காட்டும் வழி என்று எழுதினாய். அதிகாரம் ஆயருக்கு. கீழே நின்றுகொண்டு தன் வீட்டுப் பெயர் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறவனுக்கு அது என்ன என்று ஒரு வரி இல்லை. கேட்டால், அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லையேப்பா, ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்பாய். எழுதி வைக்காதவனெல்லாம் ஒன்றும் நினைக்காதவனா. அதே காலத்துத் தத்துவக்காரர்கள் ஆன்மாவுக்குப் பெயர் கிடையாது, அது வந்த இடத்துக்கே திரும்பிப் போகும் என்று சொன்னதாக அடிக்குறிப்பில் வேறு போட்டிருக்கிறாய். போகட்டும். பெயர் இல்லாத ஆன்மாவை வைத்துக்கொண்டு உன் அம்மாவை நான் எப்படிக் கூப்பிடுவேன், லூசியம்மா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். நீ படிக்கிற அந்தப் பழைய சுரியானி மொழிப் பாட்டுகள் வேறு, அவை எனக்குப் பிடிக்கும். சாவும் மனுஷனும் மாறி மாறி வாக்குவாதம் செய்கிற பாட்டு ஒன்றை நீ போனில் தமிழில் சொன்னாயே, சாவு பதில் சொல்ல முடியாமல் திக்குகிற இடத்தில் நீயே சிரித்துவிட்டாய், அதைக் கேட்டு எனக்கு அன்றைக்கெல்லாம் மனசு நன்றாக இருந்தது. கட்டுரையில் எனக்குப் பிடித்தது ஒரே ஓர் இடம். தூர தேசம் போனவர்களையும் உயிருள்ளோர் ஏடு வாசிக்கும்போது நினைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறாய், அதன் கீழே பென்சிலால் கோடு போட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாள் அன்றைக்கு இங்கே எப்படி என்று நீ மறந்திருக்க மாட்டாய், கல்லறைத் தோட்டத்திலேயே பூசை, அது முடிந்ததும் பெயர் வாசிப்பு, தன் வீட்டுப் பெயர் வந்ததும் அந்தக் குடும்பம் மெழுகுவத்தி கொளுத்த வேண்டும். இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிற பங்குச் சாமி அச்சடித்த கவர் ஒன்று கொடுத்தார், மேலே இறந்தவர் பெயர், கீழே அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பவர் பெயர் என்று கட்டம் போட்டது. கட்டத்துக்குள் எழுத நான் என்ன ஒன்றாம் வகுப்பா. பாப்பாகூடச் சொன்னாள், அதுலயே எழுதிக் குடுத்துடுங்க மாமா, ஒரு கவருக்குப் போயி சாமிகிட்ட சண்ட போட்டுகினு இருக்கீங்க என்று. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், அவளுக்கு எங்கள் கோயில் வழக்கம் என்ன தெரியும் என்று நான் வெள்ளைத் தாளில் என் இஷ்டப்படி எழுதிக் கொடுத்தேன். முதலில் லூசியம்மாள், அதற்குக் கீழே வினோலியா. என் பெயரை எழுதவில்லை. வருஷா வருஷம் நான்தான் ஒப்புக்கொடுக்கிறேன், ஒரு வருஷமாவது அவள் பெற்ற பிள்ளை ஒப்புக்கொடுத்ததாக இருக்கட்டும், ஆள் வராவிட்டாலும் பெயராவது அம்மாவின் காலடியில் நிற்கட்டும் என்று அப்படி எழுதினேன். நான் எழுதியதில் தப்பு இல்லை, அதைப் பார்த்து வாசிக்கிற பட்டியலை டைப் அடித்தவன்மேல்தான் தப்பு.

தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லூசியம்மாள் என்று மைக்கில் வந்தது, வத்தியைக் கொளுத்தினேன். அடுத்ததாக வினோலியா என்று வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுச் சனங்கள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள் இல்லையா, என் வாயும் அவர்களோடு சேர்ந்து சொல்லிவிட்டது. பிறகுதான் அது காதுக்கு எட்டியது. பக்கத்துக் கல்லறையில் நின்ற மாணிக்கம்மாள், மார்க்கெட்டில் மீன் விற்கிற அந்த அம்மா, தன் கையில் இருந்த வத்தியை என்னிடம் நீட்டி, இந்தா தாசு, பொண்ணுக்கும் ஒண்ணு கொளுத்து, எப்ப ஆச்சு, எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்த சொல்லணும்னு உனக்குத் தோணலியா என்றது. நான் அந்த வத்தியை வாங்கிவிட்டேன் வினோ. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அதற்குள் வேறு யார் யாருடைய பெயரெல்லாமோ போய்விட்டது. பிறகுதான் நிறுத்துங்கள் என்று கத்தினேன், என் மகள் சாகவில்லை, ஜெர்மனியில் படிக்கிறாள் என்று கத்தினேன். யாரோ சிரித்தார்கள். மைக்கில் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன.

நான் கத்தியதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர், மைக்கில் உன் பெயரைக் கேட்டவர்கள் நிறையப் பேர். மூன்றாம் நாள் ஜெயராமன் வந்தான், என்னோடு ஒரே ஷிஃப்டில் பெல்ட்டில் வேலை பார்த்தவன், இப்போது காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்போது வந்தாலும் ஒரு பை பருப்போடு வருகிறவன் வெறுங்கையோடு வந்தான். காபி போடுகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான், மருமகளோடு ஏதோ மனஸ்தாபம் போல என்று நான் மழையைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவன், வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டான். அவன் பாதித் தெரு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். முழங்காலைப் பார்க்காமல் இறங்கி ஓடி, டேய் ஜெயராமா, எம் பொண்ணு உயிரோட இருக்காடா என்று நடுத்தெருவில் நின்று கூவினேன். திரும்பி வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, யோவ், நேத்துலேருந்து எம் பொண்டாட்டி அழுதுகினு கீறா, நீ என்னாடான்னா பென்ஷன் கத சொல்றியா என்று திட்டினான். அது எனக்கு வலிக்கவில்லை. அடுத்து ஒன்று கேட்டான் பார், உயிரோட இருக்கிற புள்ள மூணு வருசமா ஏன்யா வரல என்று. படிக்கிறாள், அங்கே லீவு கிடைப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு, மேலே வா, காபி குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சாமியிடம் போனேன். சின்ன வயசுக்காரர், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் திருத்திவிடலாம் தாத்தா என்றார். நான் தாத்தா இல்லை, எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது என்றேன். இறந்தவர்களோடு சேர்த்து வேண்டிக்கொண்டதால் உயிரோடு இருப்பவருக்குக் கெடுதல் ஒன்றும் வராது என்று சமாதானம் சொன்னார். கெடுதல் வரும் என்று நான் சொன்னேனா. உன் கட்டுரையை அவர் மேசைமேல் வைத்து, அந்தக் காலத்தில் இரண்டு ஏடு இருந்தது, உயிரோடு இருப்பவர்கள் ஏட்டில் என் மகள் பெயரை வாசியுங்கள், தூரம் போனவர்களை அப்படி நினைத்திருக்கிறார்கள், அவளே எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்றேன். அவர் மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்போது அந்த வழக்கம் இங்கே இல்லை, பிறந்தநாள் வந்தால் நன்றிப் பூசையில் பெயர் சொல்கிறோம் என்றார். உன் பிறந்தநாள் மே மாதம். அதுவரைக்கும் நீ செத்தவளாக இருக்க வேண்டுமா. அறிவிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அறிவித்தாலும் என்ன ஆகும், கிழவன் மனசு தாங்காமல் சாமியைப் பிடித்துச் சொல்ல வைத்தான் என்றுதான் பேசுவார்கள். இது வாசித்துத் திருத்துகிற தப்பு இல்லை.

குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே வினோ என்று கூப்பிடுவேன், நீ உள்ளேயிருந்து ம் என்பாய், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டாய். இப்போது போனில் நீ எவ்வளவோ பேசுகிறாய், அந்த ஊர்க் குளிர், லைப்ரரி, ரயில் என்று எல்லாம் சொல்கிறாய், ஆனால் அந்த ம் எனக்குக் கிடைப்பதில்லை. அதைப் போனில் கேட்டு வாங்க முடியாது.

கடைசியாக நீ கேட்ட கேள்வி. அங்கேயே இன்னும் ஐந்து வருஷத்துக்கு வேலை தருகிறார்கள், வருஷம் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா அப்பா என்று கேட்டாய், உன் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது என் பதில் இல்லை. கான்ட்ராக்ட் என்று நீ சொன்னதுமே எனக்குப் பற்றிக்கொண்டது. பர்மனென்ட் ஆவதற்கு முன்னால் நான் கான்ட்ராக்டில் கிடந்தவன், அந்த வார்த்தை மனுஷனை ஓர் இடத்தில் உட்கார விடாது, எழுந்து போகவும் விடாது. என்னையும் அங்கே வந்துவிடச் சொல்கிறாய், வர மாட்டேன், உன் அம்மாவை இங்கே படுக்க வைத்துவிட்டுப் பனியில் வந்து கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. கோயிலை விட்டுப் போகாமல் நின்ற அந்தச் சனங்களைப் பற்றி நீ எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது, வந்ததற்காக என்மேலேயே கோபமும் வந்தது. ஆகவே நான் சொல்வது இதுதான், இதில் மாற்றம் கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வா. கிறிஸ்துமஸ் பூசையில் என் பக்கத்தில் நில், சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும். அதன் பிறகும் போட வேண்டும் என்றால் போடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். வராமலே போட்டுவிட்டால், அன்றைக்குக் கல்லறையில் வாசித்ததைப் பொய் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொல்லாதே, அரிசி கிடைக்கும் ஊர்தானே, ஒரு ரசம் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. ஆண்டவரும் ஆரோக்கிய மாதாவும் உன்னோடு இருக்கட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, கோபத்தோடு இருந்தாலும் என்னுடையதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பகலில் வந்து சேருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறு. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடிக்காதே, பெட்டி கனத்தாலும் கடைத்தெரு வழியாக நடந்தே வா, கூப்பிடுகிறவர்களிடம் நின்று நிதானமாகப் பேசிவிட்டு வா. நான் எதிரே வர மாட்டேன். ஊரே உன்னைப் பார்த்து முடித்த பிறகு நான் பார்த்தால் போதும்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. ஆரோக்கியதாஸ்