ஒருக்களித்துப் படுத்த நெஞ்சு

சின்னக்கானல்,
ஐந்தாம் நம்பர் லயம்.

அன்பு மகன் வேல்முருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, ஆடு மூன்றும் சுகம். சார்ஜாவில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இங்கே குடியைக் கலைத்துவிட்டவனுக்கு என்ன குறை. போனில் ஏசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

ஏலே, என் இசிஜி படத்தை உங்கப்பா அனுப்பினால், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே எஸ்டேட் ஆபீசருக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு அட்டாக், வேலைக்காரர் பட்டியலில் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல உன்னை யார் பெரிய டாக்டர் ஆக்கியது? நேற்றுக் காலைப் பெரட்டில் எல்லார் பேரும் கூப்பிட்டார்கள், என் பேர் இல்லை. கூடையோடு மரம் மாதிரி நின்றேன். உங்கப்பா ரிட்டயரான பிறகு எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீடு என் வேலையில்தான் நிற்கிறது. வேலை போனால் சாவியைக் கொடுக்க வேண்டும். உங்கப்பாவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கேடா போவேன்?

நடந்தது இதுதான். எஸ்டேட்டில் போட்ட மருத்துவ கேம்பில், இடுப்பு வலிக்கிறது என்று பெஞ்சில் இடது பக்கம் ஒருக்களித்துச் சுருண்டுகொண்டேன். இசிஜி எடுத்தவர் ரிஜின் என்ற கோட்டயத்துக்காரர், "ஸ்வாசம் வலிச்சோ அம்மே" என்றார். மூச்சை இழு என்று மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு, மூச்சு விட்டால் வலித்ததா என்று கேட்டது. ஏத்தத்தில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு தூக்கினால் யாருக்கு வலிக்காது, ஆமா என்றேன். அப்புறம் எக்ஸ்ரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கோடும் கோணியது, வலி என்றும் எழுதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு தம்ளர் கழுவாத உங்கப்பா எனக்குக் கஞ்சி ஊட்ட வருகிறார். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் என் சிவப்புச் சேலை யாருக்கு என்று கேட்கிறாள்.

இன்று அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மல்லாக்கப் படுக்கவைத்து, சும்மா மூச்சு விடச் சொல்லி எடுத்தார், கோடு ஒழுங்காக வந்தது. ஒருக்களித்து, மூச்சைப் பிடித்து எடுத்தார், அதே பழைய கோணல். நெஞ்சு உள்ளே ஆணி அடித்து மாட்டியதா, நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்பும், மூச்சை நிரப்பினால் கீழே இறங்கும் என்று சிரித்தார். ரத்தமும் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை. நிஜமாக வலித்தால் ஒளிக்கமாட்டேன், போதுமா?

அந்தத் தாளை ஆபீசரிடம் காட்டினால், சொன்ன மகனே மாற்றிச் சொல்லட்டும் என்கிறார். இது கிடைத்த அன்றே போன் போடு. அதற்கு முன் மல்லாக்கப் படுத்து, நிதானமாக மூச்சு விட்டுக்கொள். உன் பேச்சும் கோணலாகக் கிடந்தபோது எடுத்ததுதான்.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்திலும் சொல்கிறேன், மாரியாத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பெரட்டில் என் பேரைக் கூப்பிடும்வரை தினமும் கூடையோடு போய் நிற்பேன்.

இப்படிக்கு,
நெஞ்சு நேராக உள்ள உன் அம்மா,
அழகுத்தாய்