மூன்றாம் படுக்கையின் பங்கு

நாள் 61. காலை 8.00
செவ்வாய்க்குப் போகும் கப்பல். எழுதுபவர்: பெனிட்டா, மசாஜ் தெரபிஸ்ட். நால்வர் மருந்து உறக்கத்தில். விழித்திருப்பது நான் மட்டும். நால்வருக்கும் தேய்த்து முடித்தேன். தசைகள் நன்றாக உள்ளன. மூன்றாம் படுக்கையில் என் கணவர் சூசை. நாகர்கோவிலில் குறட்டைவிட்டுத் தெருவையே எழுப்பியவர், இங்கே சத்தமே இல்லாமல் கிடக்கிறார்.

இதைப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். உறக்க மருந்து, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரியை அடக்கிவிடும். அது கட்டளையிடாவிட்டால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் சுரக்காது. கார்டிசால் இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடுவார். ஆகவே அந்த ஹார்மோனை எண்ணெயில் கலந்து தந்திருக்கிறார்கள். தினமும் முதுகில் தேய்ப்பது என் வேலை.

கையுறை போட்டுத்தான் தேய்க்க வேண்டுமாம். கையுறை போட்ட கைக்குத் தசை முடிச்சு எங்கே தெரியும்? விதி எழுதியவர் ஒரு முதுகையாவது பிடித்துவிட்டிருப்பாரா? முதல் வாரமே கழற்றி எறிந்துவிட்டேன்.

நாள் 88. மாலை 6.20
முகம் பூரி போல் உப்பியிருக்கிறது. எவ்வளவு தின்றாலும் பசி. தூக்கம் இல்லை. கதவில் லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகிறது. பூமிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

நாள் 90. காலை 9.15
டாக்டர் பிரமநாயகத்தின் செய்தி:
"ஏம்மா பெனிட்டா, கையுறை போடலியா நீ? அந்த எண்ணெய் உள்ளங்கை வழியா ஒனக்குள்ளயும் போயிருக்கு. அதான் வெளியிலேருந்து வருதேன்னு ஒன் அட்ரீனல் வேலைய நிறுத்தியிருக்கும். அதுக்காவ ஒரேயடியா விட்டுராத, உயிருக்கே ஆபத்து. எப்படிக் கொறைக்கணும்னா..."

அத்தோடு அறுந்துவிட்டது. பூமிக்கும் எங்களுக்கும் நடுவே சூரியன் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு எந்தச் செய்தியும் வராது; கப்பல் கருவிகளின் எண்கள் மட்டும் அங்கே போய்ச் சேரும். நல்ல நேரம் பார்த்து வந்தது.

நாள் 93. காலை 7.30
எண்ணெய் டிரம் இரண்டில் ஒன்று ஒழுகி, பாதிக்குமேல் கழிவுத் தொட்டிக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது, தரையிறங்கும்வரை நான்கு பேருக்கு மட்டும். எனக்கென்று ஒன்றும் இல்லை. இன்று கையுறை போட்டுக்கொண்டேன்.

நாள் 95. பகல் 1.00
இரண்டு முறை வாந்தி. உப்பை அள்ளித் தின்கிறேன். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. முதல் படுக்கைக்காரருக்குத் தேய்க்கும்போது அவர் மேலேயே விழுந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விழுந்தால் தேய்க்க ஆள் இல்லை, நால்வரும் போய்விடுவார்கள். யாருடைய பங்கையாவது நான் எடுத்தாக வேண்டும். மற்ற மூவரும் என்னை நம்பிப் படுத்தவர்கள். அடுத்தவர் பொருளில் கை வைத்து எனக்குப் பழக்கமில்லை. என் கணவரிடம் என்றால் உரிமை இருக்கிறது. இவர் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்றவள்தானே நான்.

இவர் பங்கில் பாதியை என் கையில் தேய்த்துக்கொண்டேன்.

நாள் 98. காலை 8.40
நிற்க முடிகிறது. மூன்றாம் படுக்கையின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. நேற்று பாதி போதவில்லை, முக்கால் எடுத்தேன். இன்றும் முக்கால். இவ்வளவு கேட்பது நானா, எண்ணெயா என்று தெரியவில்லை. மூன்று பேருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாள் 101. பிற்பகல்
மூன்றாம் படுக்கையின் அலாரம் அடித்தது. இன்றைய பங்கு, நாளைய பங்கு, இரண்டையும் அவர் முதுகில் ஊற்றினேன். தேய்த்தேன். தோல் சில்லிட்டிருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கவே இல்லை, பக்கவாட்டில் வழிந்தது. விடாமல் தேய்த்தேன்.

போய்விட்டார். என் புருஷன் போய்விட்டார். நான்தான்

நாள் 104. காலை 10.05
தொடர்பு திரும்பியது. நாள் 93 முதல் டாக்டர் மறுபடி மறுபடி அனுப்பிய செய்தி ஒன்று வந்து சேர்ந்தது:
"பெனிட்டா, டிரம் ஒழுகினத இங்க பாத்தோம். பயப்படாத. நாலு பேர் பங்குலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கோ. அவங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. ஒருத்தர் பங்குல மட்டும் கை வச்சிராத, தாங்கமாட்டாங்க. அப்புறம் வாராவாரம் கொறைச்சிட்டே வா, ஒன் சுரப்பி தானா முழிச்சுக்கும். சூசை எந்திரிச்சா நான் ஒன்ன நல்லா ஏசினேன்னு சொல்லு."



மூவருக்கும் தேய்த்தேன். ரத்த அழுத்தம் சீராக உள்ளது. மூன்றாம் படுக்கையின் பங்கு தினமும் மிஞ்சும். தரையிறங்கும்வரை எனக்கு அது தாராளமாகப் போதும்.