நேற்றைய வெயிலில் காய்ந்த வெந்நீர்

மச்சான்,

போன வாரம் சிதம்பரத்தில் என் மகள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேர் வந்து வெந்நீர்த் தொட்டி பொருத்தினார்கள். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலைமாட்டில் நீளமாக ஒரு தொட்டி. கரண்டைக் குடித்துக்கொண்டிருந்த கீசரைக் கழற்றிவிட்டு, இனி வெயில்தான் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கு அவர்கள் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். அது வெயிலில் காயக் காய ஒரு வாசனை கிளம்பியது. அவ்வளவுதான், ஐம்பது வருஷத்துக்கும் மேலான ஒரு பகல் மூக்கு வழியாக ஏறி வந்துவிட்டது.

"தண்ணிய மேல ஏத்த மோட்டார் ஒண்ணும் வேணாமாப்பா?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"வேணாம் பெரியவரே. சூடானா தானா ஏறிக்கும்" என்றார் மூத்தவர், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கு அது பழகிவிட்டது. எனக்கு இன்றுவரை பழகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நீ கடலூர் ஓ.டி.யில், அந்தப் பழைய நகரத்துக் கடைத்தெருவில் தகரக்கடை வைத்திருந்தாய். வாளி, புனல், மண்ணெண்ணெய் விளக்கு, எது ஓட்டையானாலும் ஊர் உன்னிடம்தான் வரும். நான் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. உன் கடைக்குப் பின்சந்தில் வாடகைக்கு இருந்தேன், உன் வீடும் அதே சந்துதான். நீ விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறக்கிற ஆள். நான் விபூதி பூசிக்கொண்டு சைக்கிள் ஏறுகிற ஆள். என் மனைவி சரோஜாவை நீ தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நாம் ஒருவருக்கொருவர் மச்சான்.

சரோஜாவுக்கு இழுப்பு. பச்சைத் தண்ணீரில் குளித்தால் சாயங்காலத்துக்குள் நெஞ்சில் விசில் அடிக்கும். வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைத்தால் அந்தப் புகையில் உடனே அடிக்கும். சமையலைக் கரி அடுப்பில் ஒருவாறு ஒப்பேற்றினோம். அண்டாத் தண்ணீருக்கு அது போதாது. பண்ருட்டியிலிருந்து வருகிற முந்திரிக்கொட்டை ஓடும் ஈரச் சவுக்கு விறகும்தான் எரித்தோம். முந்திரி ஓட்டுப் புகை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணையும் தொண்டையையும் ஒருசேரப் பிடிக்கும். வீட்டில் மின்சாரம் விளக்குக்கு மட்டும்தான். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இரண்டாவது வயிற்றில் இருந்தது. "குளுந்த தண்ணியும் ஆவாது, பொகையும் ஆவாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டும் இல்லாமல் எப்படி என்று அவர் சொல்லவில்லை.

நான்தான் விடியலில் எழுந்து பின்கட்டில் அடுப்பு மூட்டுவேன். கடல் காற்று புகையைச் சுருட்டி நேராக அவள் படுத்திருக்கிற இடத்துக்குக் கொண்டு போகும். ஒரு நாள் அடைத்த வாளியைத் திருப்பிக் கொடுக்க நீ வந்தாய். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நீ தண்ணீர்க் குடத்தை எடுத்து அடுப்பின் மேல் கவிழ்த்தாய்.

"இனிமே இத பத்த வைக்காத மச்சான்."

"பின்ன தண்ணிக்கு?"

"தெரியல. ஆனா இத பத்த வைக்காத."

அதற்குப் பத்து நாள் கழித்து, சிதம்பரத்தில் மாணவர் விடுதி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியை அடைக்க உன்னைக் கூப்பிட்டார்கள். மாலை ரயிலில் திரும்பியவன் உன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"மச்சான், அங்க ஒரு புரொபசரு மாடியில பொட்டி வச்சிருக்காரு. நெருப்பே இல்லாம தண்ணி சுடுது."

நான் சிரித்தேன். "வெயில்ல வச்சா வெதுவெதுன்னு இருக்கும். அத போய்..."

"தொட்டுப் பாத்துட்டு பேசு" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் உன்னோடு சிதம்பரம் வந்தேன். வழியெல்லாம் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாய். மாடிப்படி ஏறி அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சாய்த்து வைத்த மரச்சட்டம், மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புத் தகட்டில் நாலைந்து குழாய்கள், உயரத்தில் ஒரு தொட்டி. அடுப்பு இல்லை, சாம்பல் இல்லை, சத்தம்கூட இல்லை. புரொபசர் குள்ளமான மனிதர், வீட்டிலிருந்து செருப்பில்லாமல் வந்திருந்தார். குழாயைத் திறந்தார். நான் கை நீட்டினேன். நீட்டிய வேகத்தில் பின்னால் இழுத்துக்கொண்டேன். விரல் நுனி சிவந்திருந்தது.

"சுட்ட தண்ணி லேசு. அது மேல போகும். குளிர்ந்தது கனம், கீழ வந்து நிக்கும். அதுவும் சுடும், அதுவும் மேல போகும். வெயில் இருக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார் புரொபசர்.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "தொட்டி எத்தன ஒசரத்துல இருக்கணும் சார்?" பிறகு மடியிலிருந்து சணல் கயிற்றை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்து, அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டாய். திரும்பும்போது அந்தக் கயிற்றை மடியில் வைத்து, முடிச்சுகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தாய். இத்தனை வருஷம் தலையில் அடித்துக்கொண்டிருந்த வெயிலா இது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் பிரித்துப்போட்ட பழைய ஜன்னல்களிலிருந்து கண்ணாடி வந்தது. சாமான் வந்திறங்கிய பெட்டிப் பலகை சட்டமானது. குழாய் பதித்த தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து வெயிலில் காயப் போட்டாய். எட்டுக் குடம் பிடிக்கிற தகரத் தொட்டியை நீயே செய்தாய். அதைப் பெரிய மரப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் குறிஞ்சிப்பாடி ரைஸ் மில்லிலிருந்து வந்த உமியை இடித்து இடித்து நிரப்பினாய். வீட்டுக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தளம் ஒழுவுச்சுன்னா யாருய்யா பொறுப்பு?"

"ஒழுவுனா நானே வந்து அடைக்கிறேங்க. அதான என் தொழிலு" என்றாய்.

முதல் நாள் அது நம்மை ஏமாற்றியது. பத்து மணிக்கே கண்ணாடிக்கு அடியில் குழாய்கள் கை வைக்க முடியாத சூடு. தொட்டித் தண்ணீரோ கிணற்றில் இறைத்தபடியே கிடந்தது. அடுத்த மாடியிலிருந்து, "என்னா பாய், எப்ப பொங்கும்?" என்று கேட்டார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தொட்டிக்குப் போகிற குழாயில் காது வைத்துக் கேட்டாய். தடவித் தடவிப் பார்த்தாய். பகல் உச்சிக்கு வந்தது. மேல்குழாய் தொட்டிக்குப் போகிற வழியில் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததை உன் கைதான் கண்டுபிடித்தது.

"இங்கதான் காத்து அடைச்சிக்கினு நிக்கிது மச்சான். செங்கல் எடு."

தொட்டியின் அந்தப் பக்கத்தை நாம் இருவரும் தம் பிடித்துத் தூக்க, காலாலேயே மூன்று கல்லை அடியில் தள்ளினாய். குழாய்க்குள் யாரோ கொட்டாவி விட்டதுபோல ஒரு சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நீ மூடியைத் திறந்து, மேல்குழாய் வந்து சேருகிற இடத்தில் கையை விட்டாய். உன் முகம் அப்படியே நின்றுபோனது.

"கைய வையி."

வைத்தேன். கன்றுக்குட்டி மூச்சு விடுவதுபோல வெதுவெதுப்பாக ஏதோ என் உள்ளங்கையில் மோதிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு அல்ல, நிற்காமல்.

"யாரும் எறைக்கல. யாரும் தள்ளல. அதுவா போவுது, அதுவா வருது" என்றாய். பிறகு, எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், ஆண்டவனைப் புகழ்ந்து, "சுபுஹானல்லா."

பொழுது சாயும் வரை நாம் இருவரும் கீழே இறங்கவில்லை. மாறி மாறிக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தாள். அவளும் கையை விட்டாள். "உசுரு இருக்கிற மாதிரி இருக்குது" என்றாள்.

ஆனால் விடியலில் அது சூடாக இருக்குமா என்பதுதான் கேள்வி. மார்கழிக் குளிர். நீ பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாய். சரோஜா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாடியிலிருந்து இறங்குகிற குழாயைத் திறக்கிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். நான் இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை.

"ஏங்க."

"என்னா சரோஜா?"

"பச்சத்தண்ணி ஒரு வாளி குடுங்க. கை வைக்க முடியல."

நீ துண்டால் முகத்தை மூடிக்கொண்டாய். சிரித்தாயா அழுதாயா என்று நான் கேட்கவில்லை, நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவள் தலையில் துண்டு சுற்றி வெளியே வந்தபோது மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

"நேத்து அடிச்ச வெயிலாண்ணே இது?" என்று உன்னைக் கேட்டாள்.

"ஆமாம்மா. ராவெல்லாம் உமிக்குள்ள தூங்கிட்டு வந்துருக்கு."

பங்குனியில் மகள் பிறந்தாள். முழுமாசப் பிள்ளை. அவளுக்கு முதல் தண்ணீர் ஊற்றியது அந்தத் தொட்டியிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி வேலை செய்யாது. அந்த நாட்களில் மட்டும் நீ கொண்டுவந்து கொடுத்த மண்ணெண்ணெய் அடுப்பு. சரோஜாவின் இழுப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காலை அவளுக்கு மறுபடி வரவில்லை. ஊரில் பலர் பார்க்க வந்தார்கள். பேசிக்கொண்டே மாடியேறி, கையை விட்டதும் மறு கையையும் விட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்கூட ஒரு நாள் தனியாக மேலே போய் வெகு நேரம் நின்றுவிட்டு இறங்கினார். பள்ளிவாசலில் வயசாளிகள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய இப்படி ஒன்று வேண்டும் என்று அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் கேட்டார். அதற்குத் தகரம் வெட்டி வைத்திருந்தாய்.

மகளுக்கு மூன்று வயசு ஓடிக்கொண்டிருந்த தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து நீ வழக்கம்போல என் வீட்டு மாடிக்குப் போனாய். கோர்ட்டுக்கு அன்று விடுமுறை, நானும் பின்னால் வந்தேன். தோளில் கிடந்த துண்டை நனைத்துக் கண்ணாடியை ஒரு மூலை விடாமல் துடைத்தாய்.

"தூசி ஜாஸ்தி மச்சான். கண்ணாடி மங்குச்சுன்னா வெயிலு வாசல்லயே நின்னுடும்."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. பொழுது சாய, மகரிபு தொழுகைக்குச் சற்று முன் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு வண்டி பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விடியலில் உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உன்னைக் குளிப்பாட்ட வேண்டும். உன் அண்ணன் வெளியே வந்து, "வெந்நி வேணும். வெறகு இருக்கான்னு பாருங்கப்பா" என்றார்.

"அண்ணே, அடுப்பு வேணாம். தண்ணி இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

நான் வீட்டுக்குப் போனபோது சரோஜா ஏற்கெனவே குழாயடியில் இரண்டு வாளி நிரப்பி வைத்திருந்தாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். "அண்ணனுக்குச் சரியா இருக்கும், எடுத்துட்டுப் போங்க" என்றாள். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினேன். தைக் குளிரில் வாளிகளிலிருந்து ஆவி எழுந்தது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, மச்சான். இது நேற்றுப் பகலில் காய்ந்த தண்ணீர். நீ துடைத்துவிட்ட கண்ணாடி வழியாக இறங்கிய வெயில். அது இறங்கும்போது நீ உயிரோடு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீ போய்விட்டாய், உன் கடைசிப் பகலின் சூடு இன்னும் போகவில்லை. அதை உன்னிடமே கொண்டுபோகிறேன். இத்தனை பெரிய விஷயத்தைத் தெருவில் வைத்து யாருக்குச் சொல்வது?

உன்னைக் குளிப்பாட்டக் கட்டியிருந்த திரைச்சீலைக்கு வெளியே நின்று வாளிகளைக் கொடுத்தேன். உள்ளே உங்கள் வழக்கப்படி இலந்தை இலையைப் போட்டுக் கலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஊற்றுகிற சத்தம், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. சற்று நேரத்தில் உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வாளி கெடைக்குமாப்பா?" என்று கேட்டார். மறுபடி போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் எவ்வளவோ பார்த்துவிட்டேன். வீடு மாறினேன், ஊர் மாறினேன். சரோஜாவும் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு சொட்டுகூடச் சிந்திவிடக் கூடாது என்று அடிமேல் அடி வைத்து அன்று அந்தச் சந்தில் நடந்ததுபோல நான் வேறு எதற்காகவும் நடந்ததில்லை. அந்த வாளிகளை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை, மச்சான்.