திரும்பி வர டீசல்

மார்ச் 3

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. எங்கள் கடற்போர் விளையாட்டில் நீர்மூழ்கிக் கப்பலைத் தொட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் வரும். வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். போகட்டும், திரும்பி வர வேண்டாமா? டீசல் என்ன கடலில் ஊறுகிறதா? கூட்டத்தில் கேட்டே விட்டேன். இயக்குநர் சிரித்தார். "யாரும்மா அதெல்லாம் பாக்கப் போறா? சுடணும், வெடிக்கணும், அவ்வளவுதான்."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "இந்த மாசம் மட்டும் கொடுங்க சார். நல்லா இல்லன்னா என் கையாலயே அழிச்சிடறேன்" என்று சொல்லி வைத்தேன். தலையாட்டிவிட்டார். மாதக் கடைசியில் வெளியாட்கள் வந்து விளையாடிப் பார்ப்பார்கள். அன்று பல்லிளித்தால் தீர்ந்தது. இந்த ஆபீசில் இதுவரை நான் செய்ததெல்லாம் பொத்தான்கள்தான். கடல் என் கைக்கு வருவது இதுவே முதல் முறை.

மார்ச் 6

டீசலை மூன்று பங்காக்கினேன் — போக, காத்திருக்க, திரும்ப. பக்கத்துக் கடலில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கலாம். கடலின் கோடிக்குப் போனால் தலையைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வட்டம் ஒழிந்தது. இன்று எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 9

வீட்டில் இவர் சொல்கிறார்: "உன் கப்பல் கரை சேந்ததும் சொல்லு, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்." கிண்டல்!

மார்ச் 13

அடுத்தது சரக்குக் கப்பல்கள். இத்தனை நாள் குறுக்கு வழியில் போய் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன. இப்போது ஆபத்தான இடத்தைச் சுற்றிப் போகின்றன. சுற்றினால் நாளாகும், போய்ச் சேரும் ஊரில் சரக்குத் தட்டும். இரண்டையும் எடை போட்டு அவையே வழியை முடிவு செய்கின்றன. இன்று ஒன்றுகூட மூழ்கவில்லை.

மார்ச் 17

விளையாடிப் பார்க்கச் சுறாவிடம் கொடுத்தேன். கணக்குப் பிரிவு அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் எல்லோரையும் மூழ்கடிப்பவர். நீர்மூழ்கியை நீரிணை வாயில் நிறுத்தினார். கப்பல்கள் ஒதுங்கிப் போயின. இடம் மாற்றினார். மறுபடி ஒதுங்கின. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஏம்மா, நான் தண்ணிக்கடியில கிடக்கேன். எங்க இருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியுது? இது அழுகுணி ஆட்டம்."

என்னையா? என்னைப் பார்த்தா?

பிறகு நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தால் — அக்கா சொன்னது சரி. என் கப்பல்கள் வழி தேடும்போது எதிரி நிஜமாக நிற்கும் இடத்தையே எட்டிப் பார்க்கின்றன. அப்படி எழுதியதும் நான்தான். பக்கத்துப் பெண்ணின் பேப்பரைப் பார்த்து எழுதிவிட்டு முதல் மார்க் என்று குதித்திருக்கிறேன். அழுகையா வருது. இன்னும் எத்தனை நாள் இருக்கு?

மார்ச் 18

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 21

பல் தேய்க்கும்போது பிடிபட்டது!

கப்பல்களுக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் — தங்களில் ஒன்று எங்கே, எப்போது மூழ்கியது. எதிரித் துறைமுகத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்? அத்தனை தூரம் வந்தவனுக்குக் காத்திருக்க எத்தனை நாள் டீசல் மிஞ்சும்? அதுவரை துறைமுகத்தை விட்டு அசையாதே. அவன் கிளம்பித்தான் ஆக வேண்டும். நான் சண்டை போட்டு வாங்கிய அதே டீசல் கணக்கு!

வாயில் நுரையோடு கத்தினேன். இவர் ஓடி வந்தார். "என்ன, கரப்பானா?"

மார்ச் 28

ஜெயித்தேன்.

வெளியாட்களோடு சுறாவையும் வேண்டுமென்றே உட்கார வைத்தேன். நீரிணையில் முதல் கப்பலை மூழ்கடித்துவிட்டு, "வாங்க வாங்க" என்று கையைத் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் அப்படியே நின்றன. இயக்குநர் என் பக்கம் குனிந்தார்.

"என்ன, ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல சார். காத்திருக்கு."

சுறாவின் டீசல் இறங்கியது. மற்றவர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்து நின்றார்கள். கடைசிச் சொட்டுக் கணக்கு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நீர்மூழ்கியைத் திருப்பினார். அது போய்க் கொஞ்ச நேரத்தில் சரக்குக் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி நீரிணையைக் கடந்தன. யாரோ விசிலடித்தார்கள்.

"இப்பவும் நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியுமா?" என்றார் சுறா.

"தெரியாதுக்கா. உங்க டீசல் தெரியும்."

ஒரு நொடி முறைத்தார். பிறகு நாற்காலி ஆடச் சிரித்தார். "இன்னொரு ஆட்டம் போடும்மா!"

இயக்குநர் போகும்போது என் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதும். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 31

சுறா இன்று இரண்டு நீர்மூழ்கிகளை முறை வைத்து அனுப்பி என் கப்பல்களை ஏமாற்றிவிட்டார். நேர்மையான அடி. நாளை பார்க்கிறேன்.

மாலை கையெழுத்து வாங்க இயக்குநர் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. திரை முழுக்கக் கடல். "ஐயையோ, திரும்பி வர டீசல் இல்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.