உனக்கு விழுந்த நிலாச் சீட்டு

இன்று காலை நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தேன். இன்றைய தேதிக்குக் கீழே, சந்திராஷ்டமம் என்று போட்டிருந்த இடத்தில் நம் நட்சத்திரம் இருந்தது. பூசம். உனக்கும் எனக்கும் ஒரே நட்சத்திரம் என்று தெரிந்த நாளில் எப்படிக் குதித்தாய்! அதன் பிறகு, நமக்கு ஆகாத அந்த நாள் வரும்போதெல்லாம் விடிந்ததும் உன் செய்தி வந்துவிடும்: "இன்னிக்கு நமக்கு சந்திராஷ்டமம். வாயத் தொறக்காத, புதுசா எதுவும் ஆரம்பிக்காத." நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

இன்று சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். இந்தப் பயத்தை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது.

சிங்கப்பூர்த் தேக்காவில் உன் புருவம் திருத்தும் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, மூலையில் நீ ஆசைப்பட்டு வாங்கிய, குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு. எங்கிருந்தோ வந்த சீட்டு என்று பார்க்காமல் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டுவாய். "அதுவும் நம்ம பழக்கத்தக் கத்துக்கட்டுமே லா" என்பாய். புருவம் திருத்த வந்தவர்களுக்குச் சீட்டுப் பார்ப்பது இலவசம்.

ஒரு நாள், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த பெண் ஒருத்திக்கு நிலாச் சீட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நிலா. அதைப் பார்த்து ஊளையிடும் இரண்டு மிருகங்கள். தண்ணீரிலிருந்து தலைநீட்டும் நண்டு போன்ற ஒன்று. தூரத்தில் இரண்டு கோபுரங்கள், நடுவே வளைந்து போகும் ஒற்றைப் பாதை.

"அக்கா, இது பேட் கார்டா?" என்று கேட்ட அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, இல்லம்மா. நல்லாப் பாரு. இதுல ஒண்ணு வீட்டு நாய், இன்னொண்ணு ஓநாய். நிலா வெளிச்சத்துல எது எதுன்னு தெரியாது, அவ்வளவுதான். இது ஆபத்துச் சீட்டு இல்ல, பயச் சீட்டு. கிட்டப் போய்ப் பாத்தா பாதி பயம் போயிடும்."

முகம் தெளிந்து அவள் கிளம்பிப் போனாள். எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது. ஈசூனில் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதைச் சொல்லி உன்னைக் கிண்டலும் செய்தேன்.

அப்புறம் உனக்குக் கட்டி வந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய அன்று காலை, துணைக்கு வருகிறேன் என்று கடைக்கு வந்தேன். நீ கிளம்பாமல் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாய். ஒன்றை எடுத்துத் திருப்பினாய். நிலா. உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"பயச் சீட்டுன்னு நீதானடி சொன்ன?" என்றேன்.

"அது மத்தவங்களுக்கு. இன்னிக்கு சந்திராஷ்டமம் வேற. நிலாவே ரெண்டு தடவ சொல்லுது, போகாதன்னு."

எவ்வளவோ கெஞ்சினேன், கத்தினேன். நீ போனை எடுத்து வேறு தேதி கேட்டு வாங்கினாய். அந்தத் தேதி தீபாவளிக் கூட்டத்தில் வந்தது. கடையை மூடினால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்றாய். மறுபடியும் மாற்றினாய். கடைசியில் நீ மருத்துவமனைக்குப் போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

படுக்கையில் கிடந்தபோது நீ சொன்னதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. "நான் நிலாவுக்கெல்லாம் பயப்படலடி. உள்ள போனா என்ன சொல்லிடுவாங்களோன்னுதான் பயம். நாள் சரியில்லங்கறது ஒரு சாக்கு. அன்னிக்கு சூரியன் சீட்டு வந்திருந்தாலும் வேற ஏதாவது சொல்லியிருப்பேன்."

இன்று காலை என் கணவர், "கிளம்பியாச்சா?" என்றார். "இன்னிக்கு நாள் சரியில்லீங்க, வேற தேதி கேக்கலாமா?" என்று என் வாய் தானாகச் சொன்னது. அப்படியே உன் குரல். அவர் என் செருப்பை எடுத்து வெளியே வைத்தார்.

இப்போது காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் இதை எழுதுகிறேன். எதிரே ஒரு கதவு திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் என் எண்ணா என்று நிமிர்ந்து பார்க்கிறேன். சுகமாக இருப்பேன் என்ற நம்பிக்கையெல்லாம் என்னிடம் இல்லை. எழுந்து ஓடிவிடு என்று இன்னும் மனசு சொல்கிறது.

உன் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு நான்தான் போனேன். அங்கி போட்டுக்கொண்டு வந்தவள், "ஆன்ட்டி, அம்மா நிக்க வேண்டிய சைடுல நீங்க நில்லுங்க" என்று என்னை இழுத்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த சீட்டு அர்த்தங்களில் ஒன்றுகூட இப்போது கைகொடுக்கவில்லை. அந்தக் கோபம்தான் என்னை இந்த நாற்காலியில் பிடித்து உட்கார வைத்திருக்கிறது.

என் எண் வந்துவிட்டது. உன்னால்தான் உள்ளே போகிறேன், போடி.